இரண்டு வீட்டு ஆணம்

786
சாய்ந்தமருது
9.3.1982

அன்பு மகன் ஜெமீலுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். பேராதனைக் குளிரில் நீ நோய் நொடியில்லாமல் டொக்டர் படிப்பை முடிக்க அல்லாஹ் துணை செய்யட்டும். நானும் தங்கச்சி நஸீறாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வருகுதில்லை. புருசன் மௌத்தாகி, நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வெள்ளை உடுத்தி உள்ளறைக்குள் கிடக்கிறவளுக்கு என்ன சுகம். வாப்பாவின் சாரன் கொடியில் அப்படியே கிடக்கிறது, எடுக்க மனமில்லை.

உன் கடிதம் கிடைத்தது. கொழுப்பு தண்ணியோடு சேராது, ஈரல் பித்தத்தைச் சுரந்து ஒரு பையில் சேர்த்து வைக்கும், நெய்யும் இறைச்சியும் குடலுக்கு இறங்கினதும் அந்தப் பை சுருங்கிப் பித்தத்தை விடும், பீங்கானில் ஒட்டின நெய்யைச் சவுக்காரம் உடைக்கிற மாதிரி பித்தம் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைக்கும், பிறகு வேறொரு நீர் வந்து அறுத்துக் கொடுக்க உடம்பு எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். வாப்பாவுக்குப் பையின் வாயில் கல் கிடந்ததால் நெய் தின்னும் நேரமெல்லாம் பை கல்லோடு மல்லுக்கட்டியது, அதுதான் அந்த நோவு என்றும் எழுதியிருந்தாய். மாட்டிறைச்சிச் சட்டியைப் பச்சைத் தண்ணியில் கழுவிப் பார்த்தவளுக்கு இது விளங்காதா மகன். ஆனால் இதே விளக்கத்தை மருதமுனைக்கு, சுல்பிகாவுக்கும் எழுதினாய் என்று நஸீறா சொன்னாள், அதுதான் விளங்கவில்லை. வாப்பா அவளை இரண்டாம் தாரமாக முடித்தபோது நீ சாச்சி என்று கூப்பிட்டாய், அதைப் பொறுத்துக்கொண்டேன். இப்போது கடிதமுமா?

கொழுப்பை நிறுத்துங்கள் என்று டொக்டர் சொன்ன அன்றே நான் தேங்காய்ப்பாலையும் நெய்யையும் நிறுத்தினேன். சோற்றுக்கு ஊற்றப் புளியாணமும் அவித்த மீனும்தான் வைத்தேன். வாப்பா பீங்கானைப் பார்த்துவிட்டு, "என்னகா றுகையா, இது நோயாளிக்கு வெச்ச சோறா, செத்த மையத்துக்கு வெச்ச சோறா" என்பார். "உசிரு வேணுமெண்டா இதத் தின்னுங்க, ருசி வேணுமெண்டா மருதமுனைக்குப் போங்க" என்பேன். போய்விட்டு வருவார். எங்கும் போகவில்லை, கடையில்தான் இருந்தேன் என்பார். அஸர் தொழுகைக்குக் கிணற்றடியில் கை கால் கழுவி ஒளு எடுக்கிறபோது நான் வாளியோடு பக்கத்தில் நிற்பேன், விரலில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழும். அவளுடைய நெய்ச்சோறு அவர் கையில் இருந்தது. சவுக்காரத்தைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். கடைசியில் கல் நகர்ந்து குழாயை அடைத்து, கண் மஞ்சளாகி, காய்ச்சல் பிடித்து அவர் மௌத்தானது உனக்குத் தெரிந்ததுதான்.

தேங்காய்க் கொழுப்பில் ஒரு பங்கு வேறு விதம், அதற்குப் பித்தம் அவ்வளவு வேண்டியதில்லை, நேரே ஈரலுக்குப் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறாய். அதை எனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். அவள் அந்த வரியை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறாளாம், "எங்கட தேங்காய்ப் பாலாணத்தால ஒண்டும் ஆகல்ல, பெரிய புள்ளையே எழுதியிரிக்கான், மூத்தவதான் மனிசன வத்தலாக் காயப்போட்டா" என்று. அப்படியென்றால் நெய்ச்சோறும் இறைச்சியும் யார் வீட்டில் தின்றது மகன்? கல் பல வருசமாக வளர்ந்தது, யாருடைய ஆணத்தாலும் அவர் மௌத்தாகவில்லை என்று நீ எழுதியதை நான் ஏற்றுக்கொள்ளலாம். அவளுக்கும் அதையே எழுதியதை எப்படி ஏற்றுக்கொள்வேன்.

இப்போது கேள். போன கிழமை அவளுடைய தம்பி காலிதீன் வந்தான். அவளுக்கும் வலது விலாவுக்குக் கீழே நோவாம், தின்றதெல்லாம் சத்தியாம், ஆஸ்பத்திரியில் பார்த்துக் கல் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குப் பரிதாபம் வரவில்லை மகன், எரிச்சல்தான் வந்தது. அவருடைய நோவும் அவளுக்குத்தான் கிடைக்க வேண்டுமா. "புருசன நினைச்சு நினைச்சு அதே வருத்தம் வந்திட்டு" என்று சனம் அவளைப் பார்க்கப் போகிறதாம். அவரோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவள் நான், எனக்கு வயிற்றில் ஒரு குத்துக்கூட இல்லை.

காலிதீன் திரைக்கு வெளியே நின்று, "பெரிய ராத்தா, மச்சானுக்குக் காய்ச்சின புளியாணம் எப்பிடியாம், எங்கட ராத்தா கேட்டு வரச் சொன்னா. மச்சான் அங்கயும் அதத்தான் கேப்பாராம், அவக்கு அந்தக் கை வரல்லையாம்" என்றான். இங்கே முகம் சுளித்துத் தின்ற மனிதர் அங்கே போய் அதைக் கேட்டாரா? ஆணம் வேண்டிச் சொன்ன பொய்யாகவும் இருக்கும். ஆனாலும் அடுப்பை மூட்டினேன். எண்ணெய் ஒரு சொட்டும் விடாமல் காய்ச்சி, விளைமீன் போட்டு, சட்டியோடு கொடுத்துவிட்டேன். காய்ச்சுகிற விதத்தைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நாள் தவறாமல் சட்டி வரட்டும், நிரப்பிவிடுகிறேன். அவள் சாகக்கூடாது மகன். அவர் அங்கே இருந்து என்னைப்பற்றி என்ன கதைத்தார் என்று அவளுக்குத்தான் தெரியும், இத்தா முடிந்ததும் நானே போய்க் கேட்கப்போகிறேன்.

அதுவரை அவளுக்கு எது ஆகும் எது ஆகாது, கல்லை வெட்டி எடுக்கத்தான் வேண்டுமா என்று எனக்கு எழுது. நான் சட்டியோடு சொல்லியனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல கைராசியையும் கேட்டுத் துஆச் செய்கிறேன், நஸீறாவும் ஸலாம் சொல்கிறாள். சுல்பிகாவுக்கு நீ எழுத வேண்டாம். எழுதத்தான் வேண்டுமென்றால் எனக்கு எழுதும் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட பிறகு எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா,
றுகையா