தண்ணீர் வராத பொட்டலம்

புதுச்சத்திரம்,
3.2.2025

என் அன்பு மாமாவுக்கு,

கிடைத்துவிட்டது! நாலாவது நேர்காணலில் கிடைத்தேவிட்டது! நாமக்கல்லில் ஒரு கல்லூரி புதிதாகத் திறக்கும் அருங்காட்சியகத்துக்கு உங்கள் பெண்டாட்டி பிரீத்திதான் காப்பாட்சியர். மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பியபோது, "போர் பாயிண்ட்ட மாத்தற மாதிரி மாத்திப் பாரு அம்மணி, வாத்தியார் வேலைல தண்ணி வந்தாலும் வரும்" என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் மாற்றவில்லை. அதே இடத்தில் வந்துவிட்டது!

ஆனால் ஆறு மாதம் சோதனைக் காலம். ஏப்ரலில் நான் வைக்கும் முதல் கண்காட்சியைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். தலைப்பு: 'நம் காலுக்குக் கீழே'. நீங்கள் போர் போடும்போது மேலே வரும் கல்தூளில் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு பொட்டலம் வேண்டும். இடம், ஆழம், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் எழுதுங்கள். நீங்கள் இருக்கும் சத்தீஸ்கர் காட்டில்தான் டவரே இல்லையே, பைப் ஏற்றி வரும் மாதேஷ் அண்ணன் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிரீத்தி


சத்தீஸ்கர்,
19.2.2025

பிரீத்திக்கு,

உன் கடிதத்தை, போர் போடும் ரிக் வண்டி மேல் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். ஆட்களுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தாயிற்று. ஒரே ஒரு சந்தேகம். பழைய சாமான்களுக்குக் காவல் இருக்கவா எம்.ஏ. படித்தாய்? கோபித்துக்கொள்ளாதே, சும்மா கேட்டேன்.

பதினோரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடித்த இடத்துத் தூள். ஒன்றுகூடச் சோடையில்லை.

அன்புடன்
தீனதயாளன்


புதுச்சத்திரம்,
4.3.2025

என் அன்பு மாமாவுக்கு,

பொட்டலங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு, சாம்பல், ஒன்றில் ரோஜா நிறம்கூட! கல்லூரி முதல்வர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்.

இனி சண்டை. சேகரித்தவர் என்ற இடத்தில் 'ரிக் வண்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டிக்குக் கை இருக்கிறதா? உங்கள் பெயரை எழுதுங்கள். அப்புறம், தண்ணீர் வந்தது மட்டும் எதற்கு? வராத போரின் தூளும் வேண்டும். அது இல்லாமல் வைத்தால், எங்கே துளைத்தாலும் தண்ணீர் வரும் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பொய் சொல்லி என் வேலை நிரந்தரமாக வேண்டாம்.

உங்கள்
பிரீத்தி


சத்தீஸ்கர்,
20.3.2025

அன்பு பிரீத்திக்கு,

வராத போரைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்க மாட்டோம். குழியை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுப்போம். ஆட்களிடம் கேட்டதற்கு, "ஏனுங்ண்ணா, அதையப் போயி அள்ளுவாங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் இங்கிருந்து ஒன்றும் இல்லை.

ஆனால் வேறொன்று அனுப்புகிறேன். நம் தோட்டத்தில் மூன்றாவது போரும் பொய்த்துப் போன அன்று, நீ அழுதுகொண்டே வீட்டுக்குள் போன பிறகு, ஒரு கைப்பிடி தூளை அள்ளித் துணியில் முடிந்து வைத்தேன். அதற்கப்புறம்தான் உன்னை விட்டுவிட்டு ரிக் வேலைக்கு வந்தது. எட்டு வருடமாக அது என் டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு அடியில் இருக்கிறது. வண்டி மாறும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. உன்னிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

சீட்டு நானே எழுதிவிட்டேன். சரியா பார்:

புதுச்சத்திரம், எங்கள் தோட்டம். 850 அடி. 14.5.2017. தண்ணீர் இல்லை. சேகரித்தவர்: தீனதயாளன்.

காவல் வேலை என்று கேலி செய்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அம்மணி. எட்டு வருடமாக நானும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறேன், சம்பளம் இல்லாமல்.

திறப்பு விழாவுக்கு மாதேஷ் லாரியிலேயே வந்துவிடுகிறேன். அந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நான் நிற்க இடம் விட்டு வை.

உன்
தீனதயாளன்