கடைக்குப் போயிருக்கார்

அம்மா,

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு. பீரோ சாவி என் நாவலுக்குள் இருக்கிறது. நான் படிக்கிற பக்கம் தவறிவிடாமல் எடு.

நீ வேலைக்குப் போனதும் அப்பாவின் போன் அடித்தது. வண்டிக் கடனை வசூலிக்கிற அந்த ஆள்தான். இன்றைக்கு நானே எடுத்தேன்.

"உங்கப்பா ஆறு மாசமா கடையிலயே குடியிருக்காரா? எப்பக் கேட்டாலும் கடைக்குப் போயிருக்கார்னே உங்கம்மா சொல்லுது!"

அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது என்றேன்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. வேற கதை சொல்லு" என்று சிரித்தான். நான் படித்த எந்தத் தேசத்து நாவலிலும் இறந்தவரை வைத்து இப்படிச் சிரித்தவன் கிடையாது.

"அவனுக்கெல்லாம் ஏன் பொய் சொல்லிக்கிட்டு இருக்கே?" என்று நேற்று உன்னிடம் கத்தினேன். இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அப்பா இல்லை என்று உன்னால் இன்னும் என்னிடமே வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த முரடனிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவனுடைய ஆபீசுக்கே போகிறேன். அவன் பேசியதை எல்லாம் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் போடச் சொல்லப் போகிறேன். அதற்குள் அவன் கூப்பிட்டால், "எம்பொண்ணு அங்கதான் வந்துக்கிட்டிருக்கா" என்று சொல். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பி.கு.: சிம்மைப் பிடுங்கிப் போட்டுவிடுவேன் என்று நேற்று சொன்னதை மறந்துவிடு. அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.