ஈரக் கல்லில் ஒரு முகம்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் இறைவன் அருளால் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் எங்கள் துஆ. என் மூட்டுவலியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது, விடு. உங்கள் பள்ளிவாசலில் ஏன் ஓர் உருவம்கூட இல்லை, வெறும் நட்சத்திரமும் எழுத்துமாக இருக்கிறதே என்று உன்னோடு வேலை பார்க்கும் பெண் கேட்டாளாம், நீ பதில் தெரியாமல் விழித்தாயாம். கல் பதிக்கிறவன் மகள் விழிக்கலாமா? தொழ நிற்கிறவர் கண் எதிலும் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான் என்று அவளிடம் சொல். ஒரு முகம் இருந்தால் பார்வை அங்கேயே நின்றுவிடும். நட்சத்திரப் பின்னல் அப்படியல்ல, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துச் சுவர் முழுக்க ஓடும், தொடக்கமும் முடிவும் பிடிபடாது. எழுத்து இறைவன் வசனம், படிக்கப் படிக்க மனம் மேலே போகும். நடுவில் குடைந்த மிஹ்ராப் மாடத்திலும் எதுவும் வைப்பதில்லை, தொழ வேண்டிய திசை இது என்று காட்டுகிற வெறும் வளைவு அது. எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான். ஆனால் இந்த மாதம் என் கை வேலையிலேயே ஒரு முகம் நம்மூர்ப் பள்ளிவாசல் சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பள்ளிவாசலுக்குள் எல்லோரும் பார்த்துத் தொழும் முன்சுவருக்குப் புதுப் பளிங்கு பதிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரே கல்லை நடுவில் அறுத்துப் புத்தகம்போல விரித்து வைப்போம், இந்தப் பலகையின் ரேகை அந்தப் பலகையில் கண்ணாடியில் பார்த்ததுபோல் வந்து சேரும். மனிதக் கை வரையாத அழகு என்று ஊரில் எல்லோருக்கும் அது பிடிக்கும். மிஹ்ராபுக்கு இடப்புறம் பதித்து மெருகேற்றியபோது மேகக்கூட்டம்போல்தான் இருந்தது. மறுநாள் தூசி போகக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நனைந்த ரேகையெல்லாம் கறுத்து, இணைப்புக்கு இருபுறமும் இரண்டு கண், நடுவில் மூக்கு, இறுக மூடிய வாய். கல் காயக் காய இமை இறங்குவதுபோல் மெதுவாக மறைந்தது. என்னோடு கல் பதிக்கும் மொட்டை மேஸ்திரி பக்கத்தில் வந்து, "பாய், இது நம்மளையே பார்க்குதுல்ல?" என்றார். வெளிச்சம் அப்படி விழுகிறது என்று மழுப்பினேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஆற்றோடு போய் உடல்கூடக் கிடைக்காத உன் தம்பி. அந்த அகலமான நெற்றி, ஒரு பக்கமும் கோணாத அந்த மூக்கு.

காய்ந்தால் மறைந்துவிடுகிறதே என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், உன் உம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் வினை. மாலை அஸர் தொழுகைக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் அந்தக் கல் மட்டும் ஈரமாக, கண் திறந்து இருந்தது. மழையும் இல்லை, குழாயும் அந்தப் பக்கம் கிடையாது. தான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை என்று பாங்கு சொல்லும் மோதினார் சத்தியம் செய்தார். சுவர் அழுகிறது என்று பேச்சுப் பரவி, முன்வரிசையில் அந்த இடம் மட்டும் பல் விழுந்ததுபோல் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் மதியத் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கூடம் முழுக்க ஆள் அரவமே இல்லை, ஆனால் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவது குவிமாடத்தில் பட்டு என் தலைக்கு மேலிருந்து கேட்டது. எட்டிப் பார்த்தால் உன் உம்மா. முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் பதறவில்லை. "என்னங்க, கண்ணைத் திறக்கிறான் பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். திறந்தான் மகளே, என்னால் அதை மறுக்க முடியவில்லை.

இமாமிடம் போய்ச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. யாரும் வரைந்ததில்லை, உங்கள் மேல் குற்றமும் இல்லை, ஆனால் தொழுகிறவர்களுக்கு முன்னால் இது இருக்கலாகாது, ஒரு பலகையைத் தலைகீழாக்கினால் முகம் கலைந்துவிடும் என்றார். உன் உம்மா தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "புள்ளையக் குளிப்பாட்டி அனுப்பக்கூட எனக்குக் குடுத்து வைக்கல. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழுவிக்கிறேன்" என்றாள். இமாம் வெளியே போய் நின்றுகொண்டார், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். நெற்றியிலிருந்து தாடைவரை அவள் நிதானமாகக் கழுவினாள், நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தன. பிறகு அவளே ஒதுங்கி, "எடுங்க" என்றாள். நானும் மேஸ்திரியும் பலகையை இறக்கித் திருப்பிப் பதித்தோம். இப்போது எவ்வளவு நனைத்தாலும் வெறும் ரேகைதான். காலியாகக் கிடந்த இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், நான் மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறேன்.

உன் உம்மா முந்தாநாள் பீரோவைத் திறந்து உன் தம்பியின் சட்டைகளை எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். சரியாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஒரு குறைதான் சொன்னாள், கூப்பிடும்போதெல்லாம் நீ கேமராவை அணைத்துவிட்டுப் பேசுகிறாயாம். வேலைக் களைப்பில் முகம் வாடியிருக்கும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. வாடியிருந்தாலும் பரவாயில்லை, முகத்தைக் காட்டிப் பேசம்மா, அவள் பார்க்கட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகனுக்கு என் ஸலாம். இறைவன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

துஆவுடன்,
உன் வாப்பா