இடப்பக்கம் நின்ற பெண்

தை மாதம், ஞாயிறு இரவு

வாங்கலாம் என்றிருந்த செடான் காரை இன்று ஓட்டிப் பார்க்கப் போனோம். இவர் ஓட்டினார். ஷோரூம் பெண் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். காலை நீட்டிக்கொள்ள நிறைய இடம்.

பூதலூர் சாலையில் இடப்பக்கம் நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒருத்தி குனிந்து கிளறிக்கொண்டிருந்தாள். இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"சார், பிரேக்!" என்று ஷோரூம் பெண் அலறினாள். கார் நெல்மேல் ஏறி நின்றது. நல்லவேளை, நெல் கிளறியவள் விலகி ஓடிவிட்டாள்.

"கண்ணு தெரியலையா?" என்று திட்டினாள். இவர் இறங்கி மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து, "பிரேக் நல்லா பிடிக்குது" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "இடது கண்ணுல ஏதும் தொந்தரவாங்க?" என்று கேட்டேன்.

"வெயில் கூசிச்சு."

சாப்பிடும்போது மைலேஜ், டிக்கி என்றே பேசினார். கை கழுவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நீ கார் ஓட்டக் கத்துக்கறியா?" என்றார்.

"முதல்ல கண் டாக்டரைப் பார்ப்போம்" என்றேன். போய்ப் படுத்துவிட்டார்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்கப் பயமாக இருக்கிறது. தினமும் பேத்தியை பைக்கில் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறவர்.

பைக் சாவியை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.