புறாவுக்குப் போட்ட கம்பு

3 நவ.
மழை விட்டு நல்ல வெயில். ரியாஸ் வேலைக்குப் போனபிறகு பார்த்தேன். புறாக்களுக்கு அவர் வாங்கிவைத்த கம்பு மூட்டை அடியில் நனைந்திருக்கிறது. கொட்ட மனமில்லை. மொட்டை மாடியில் காயவைத்துப் புடைத்தேன். பச்சையாகத் தூசு. பாப்பா பக்கத்திலேயே. "அம்மா, பொகை, பொகை!" ஒரே சிரிப்பு. திரும்ப மூட்டையில் கட்டியாகிவிட்டது. அவரிடம் சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை.
வாங்க: ரவை, பாப்பாவின் (பா.) இன்ஹேலர்.

15 நவ.
தூறல். பா. இருமல் ஐந்தாம் நாள். தினமும் கம்பு அள்ளிப் போடுவது அவள்தான். இன்று விடவில்லை, அழுகை. சாம்பல் புறா வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறது. சத்தமே இல்லை.

17 நவ.
புறா செத்துவிட்டது. கால்நடை டாக்டர் அறுத்துப் பார்த்தார். உள்ளே காற்றுப் பைகளில் பச்சைப் பூஞ்சை. பெயர் ஆஸ்பர்ஜில்லஸ்.
"தீனி ஏதாச்சும் பூசணம் புடிச்சிருந்துதா?"
"சான்ஸே இல்ல சார். நானே பாத்து வாங்குனது" என்றார் ரியாஸ்.
நான் பாப்பாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் இருமினாள். டாக்டர் நிமிர்ந்து, "கொழந்தைய நெஞ்சு டாக்டர்ட்ட காட்டிடுங்க."
வீடு வந்ததும் கம்பைக் குப்பை வண்டியில் போட்டேன். அதே மாதிரிச் சாக்கில் புதுக் கம்பு. அவருக்குத் தெரியாது.

23 நவ.
ரத்த ரிப்போர்ட். பா.வுக்கு அதே பூஞ்சை ஒவ்வாமை. நுரையீரலுக்குள் வளரவில்லை. மருந்து உண்டு. இதை நான்கு முறை கேட்டேன்.
நெஞ்சு டாக்டர்: "புறாட்டேருந்து ஒட்டினது இல்லம்மா. ரெண்டுக்கும் ஒரே எடத்துத் தூசா இருக்கலாம். வீட்ல எங்கயாவது பூசணம்?"
"பாத்ரூம் சுவர்ல கொஞ்சம்" என்றேன். அதுவும் உண்மைதான்.
ஆட்டோவில் ரியாஸ்: "சொவரு எப்பவும் அப்டித்தான் இருக்கு. என் புறாதான் காரணம். குடுத்துடலாம்."

25 நவ.
மேகமூட்டம். கூடுவாஞ்சேரியிலிருந்து அவர் நண்பர் கூடையோடு வந்தார். பதினொரு புறா.
"மச்சான், அப்பால கேட்டா தரமாட்டேன்."
"கேக்கமாட்டேன்டா. எடுத்துகினு போ."
ரியாஸ் மாடியைக் கழுவினார். இரண்டு தடவை. துணி காயவில்லை.

28 நவ.
வெயில். இருமல் குறைவு. துணி எடுக்கப் போனால் காலிக் கூண்டின்மேல் இரண்டு புறா. கூடுவாஞ்சேரியிலிருந்து பறந்தே வந்திருக்கின்றன. ரியாஸ் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
சொல்லிவிட்டேன். நனைந்தது, புடைத்தது, பாப்பா சிரித்தது, சாக்கு மாற்றியது, எல்லாம்.
"டாக்டர் கேட்டப்ப நீ அங்கதான இருந்த நஸீமா?"
"ஆமாங்க."
"ரெண்டு டாக்டர்."
"ஆமா."
அவரே போன் போட்டு, நெஞ்சு டாக்டரிடம் கம்பு விஷயத்தைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. "வீட்ல தெரியாம நடந்துடுச்சு" என்றார்.
பிறகு புறாக்களுக்குத் தண்ணீர் வைத்தார். புதுக் கம்பில் ஒரு பிடி அள்ளி வெயிலில் விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு மணியாக. என் முன்னாலேயே. பாப்பாவை மட்டும் உள்ளே போகச் சொன்னார்.