ஸம்பத்குமார் சாருக்கு எடை சரி பண்ணின மட்டை

கும்மிடிப்பூண்டி
ஞாயித்துக்கிழமை

அன்பு மக ஷைனிக்கு அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில நான் இங்க இருக்கேன், நீயும் மாப்ளையும் பாப்பாவும் மஸ்கட்ல ஒரு கொறயும் இல்லாம இருக்கணும்னு ஜெபத்துல சொல்லிக்கினு இருக்கேன். போன் இருக்கசொல்ல லெட்டர் இன்னாத்துக்குன்னு கேப்ப. போன்ல நீ அழற, நீ அழுதா நான் செவுத்த பாத்துக்கினு நிக்கறேன். பக்கத்து ஊட்டு ஜோதிலட்சுமி அக்கா மருமகன் லீவு முடிஞ்சு அங்க திரும்பறாரு, அவர் கையில இத குடுத்து அனுப்பறேன்.

ஏம்மா, அப்பா போனதுக்கு நீ ஒரு சொட்டு கண்ணீர் உடலியாமே, காரியம் முடிஞ்ச கையோட கம்பெனிக்கு போயிட்டியாமேன்னு கேட்ட. உங்க அத்தை சொல்லியிருப்பா, நெஜம்தாம்மா. நீ ஆபரேஷன் பண்ண பச்ச உடம்பு, வர முடியல, உம்மேல குத்தம் இல்ல. அப்பா ஸ்டீல் கம்பெனியிலேர்ந்து வந்தாரு, டீ போடுன்னாரு, எடுத்துக்கினு வர்றதுக்குள்ள சேர்லயே சாஞ்சிட்டாரு. அந்த டீய இன்னா பண்ணேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. கல்லறைக்கு போய் வந்தேன், சோறு துன்னேன், தூங்கினேன், கொழம்புல உப்பு இருக்குதா இல்லியான்னு கூட தெரியல. ஊட்டுக்கு வர்றவங்கல்லாம் நான் எப்ப அழுவேன்னு என் மூஞ்சயே பாத்துக்கினு உக்காந்திருந்தாங்க, பேஜாரா இருந்துச்சு, அதான் வேலைக்கு கெளம்பிட்டேன். எங்க வேலை உனக்கு தெரியும், கோல்ஃப் ஆடறவங்க கைக்கும் ஒசரத்துக்கும் தக்கபடி மட்டை செய்யறது, நான் எடை சரி பண்ற டேபிள். மட்டைய தராசுல படுக்க வெச்சு எடைக்குண்ட தள்ளினா தலைப்பக்கம் எவ்ளோ இழுக்குதுன்னு காட்டும், கொறஞ்சா தலை பின்னாடி ஈயப்பட்டை ஒட்டுவோம், ஜாஸ்தியா இருந்தா கைப்பிடிக்குள்ள பித்தள துண்டு சொருகுவோம். யார் மூஞ்சயும் பாக்க வேணாம்.

அப்பத்தான் திருவள்ளூர்லேர்ந்து ஸம்பத்குமார் சார்னு ஒருத்தர் ஆர்டர் குடுத்தாரு. ரிட்டயர் ஆனவர், பக்கவாதம் வந்து பொழச்சவர், இடது கையி சரியா வரல, பழைய மட்டைய தூக்க முடியல, திரும்ப ஆடணும்னு அவருக்கு ஒரே பிடிவாதம். நானும் சூப்பர்வைசர் சரவணகுமாரும் எவ்ளோ லேசா செய்ய முடியுமோ அவ்ளோ லேசா ஒண்ணு செஞ்சோம். அடிச்சு பாக்க சம்சாரத்தோட வந்தாரு. பின்னாடி ஷெட்ல வலை கட்டியிருக்குது, அங்க நின்னு வீசினாரு, மட்டை கையிலேர்ந்து பறந்து போய் தகரத்துல மோதுச்சு. மனுஷன் ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. போறும் வைஜயந்தி, ஆத்துக்கு போயிடலாம்னாரு, தலைய தூக்கவே இல்ல. அந்தம்மா எங்கிட்ட வந்து மெல்ல சொன்னாங்க, இடது கையில எத வெச்சாலும் அவருக்கு தெரியறதில்ல, டம்ளர பிடிச்சுண்டிருக்காரான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கறார்னு. அப்ப லேசா செஞ்சதுதான் தப்போன்னு எனக்கு தோணுச்சு. தலைப்பக்கம் கொஞ்சம் இழுத்தாத்தான மட்டை எங்க போவுதுன்னு அவருக்கு தெரியும்? சரவணகுமார்கிட்ட சொன்னேன், அவன் கைப்பிடியையும் பருமனா மாத்தலாம்க்கான்னான். மாத்தினோம். நான் ஈயப்பட்டைய ஒண்ணொண்ணா ஒட்ட ஒட்ட அவர் வீசி பாத்தாரு, இல்ல இல்லன்னு தலையாட்டினாரு, அந்தம்மா பக்கத்துலயே கைய கட்டிக்கினு நின்னாங்க. கடைசியில ஒரு வீச்சு, பந்து வலையில போய் நடுவுல உழுந்துச்சு. இப்ப தெரியறது வைஜயந்தி, அது எங்க இருக்குன்னு தெரியறதுன்னாரு. அந்தம்மா முந்தானையால மூஞ்ச மூடிக்கினாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. நான் கீழ கெடந்த ஈயத்துண்ட பொறுக்கிக்கினு இருந்தேன். எனக்கு ஒண்ணுமே இல்ல ஷைனி, சந்தோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

அந்த மனுஷன் மட்டைய எங்கிட்ட நீட்டி, நீங்களும் ஒண்ணு அடிங்கோம்மான்னாரு. இத்தினி வருஷம் வேலை செய்யறேன், ஒரு பந்து அடிச்சதில்ல. சரவணகுமாரும் அடிங்கக்கான்னான். பாத்த மாதிரியே வீசினேன். பந்து எங்கியோ ஓரத்துல பட்டு காலடியிலயே உருண்டுச்சு, ஆனா உள்ளங்கையிலேர்ந்து முழங்கை வரைக்கும் கரண்ட் அடிச்சாப்புல விண்ணுன்னு ஏறிச்சு. ஊட்டுல கத்தறாப்புல ஏங்க, கை போச்சுங்கன்னு கத்திட்டேன். கத்தினப்புறம்தான் யார கூப்ட்டேன்னு எனக்கே உறைச்சுது. அங்கியே சிமெண்ட் தரையில உக்காந்து அழுதேன். அந்தம்மா பட்டுப்பொடவையோட பக்கத்துல உக்காந்துக்கினாங்க, யாருன்னு கேக்கல.

ஊருக்கெல்லாம் சொல்ல இத எழுதல, உனக்கு தெரியட்டும்னுதான். இன்னிக்கு மறுபடியும் பழைய மாதிரிதான் இருக்கேன், கோயிலுக்கு போனேன், பாட்டு காதுல உழல. நாளைக்கு ஷிப்ட் இருக்குது. நீ வேலைய உட்டுட்டு இங்க வரேன்ற யோசனை வேணாம், பாஸ்போர்ட்டுக்கு எழுதி போட சரவணகுமார்கிட்ட சொல்லியிருக்கேன், நானே வரேன். தண்ணி கேன தூக்காத, தையல் போட்ட எடம் செவந்திருந்தா வெக்கப்படாம டாக்டர்கிட்ட காட்டு. பாப்பா நெத்தியில எனக்காக சிலுவ போடு. கர்த்தர் உங்க மூணு பேரையும் கண்ணுக்குள்ள வெச்சு காப்பாத்தட்டும்.

உன் அம்மா
ஹெலன் ஸ்டீபன்