நான் இறந்துபோகிற புத்தகம்

வடவள்ளி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அம்மணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நான் நன்றாக இருக்கிறேன் என்பதை இந்த முறை அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது, காரணம் பின்னால் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே. டப்ளினில் விடாத மழை என்று செய்தியில் காட்டினார்கள். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, மத்தியானம் மருதமலைப் பக்கம் கண் கூசுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குத்தான் இல்லை. நடைப்பயிற்சி என்று கிளம்பி பேக்கரியில் போய் நிற்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொல்ல வந்தது இதில்லை. வீடியோவில் என் முகத்தைப் பார்த்தால் நீ பேச்சை மாற்றுவாய், இல்லாவிட்டால் அழுவாய். இரண்டும் இப்போது வேண்டாம். நான் குறுக்கீடில்லாமல் சொல்லி முடிக்க வேண்டும். அதனால்தான் காகிதம்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு ரிஃபானா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு தடவை வாசகர் கூட்டம் நடத்துகிறாள். அவரவருக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்து வந்து ஏன் பிடித்தது என்று பேச வேண்டும். அவள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். புத்தகத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் பேசி முடித்த பிறகுதான் சொல்லலாம், அட்டைக்குச் செய்தித்தாள் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முதலிலேயே பெயரைச் சொன்னால் எல்லாரும் எழுதியவரை எடைபோட ஆரம்பித்துவிடுகிறார்களாம். நானும் என் எம்.ஏ. காலத்து நாவல் ஒன்றைச் சுற்றி எடுத்துப் போனேன். என்ன பேசுவதென்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எழுந்தவர் அப்துல் வஹீது, பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர், இந்தப் புத்தகத்துல ஒரு அம்மா வர்றாங்க, ஊட்டப் பூட்டிட்டுக் கெளம்பறப்ப பூட்டைத் தட்டி, போயிட்டு வாரேன் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க, எனக்கு அவங்களைப் பார்த்தாப் போதும்னு இருந்துச்சுங்க, என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்மைப் போல இன்னொருத்தி என்று நினைத்தேன். பிறகு அவர், அந்தம்மாவுக்குக் கோபம் வந்தா யாரையும் திட்ட மாட்டாங்க, அரிசியும் பருப்பும் சோத்துல பூண்டை அள்ளிப் போட்டுருவாங்க, பூண்டு வாசத்தை வெச்சுத்தான் ஊட்டுல இன்னைக்கு என்ன நெலவரம்னு பிள்ளை கண்டுபிடிக்கும், என்றார். நான் சிரிப்பை நிறுத்தினேன். பூண்டு. அதை யாரும் பார்த்ததில்லை, உன்னைத் தவிர. அப்பாவுக்கே தெரியாது. கடைசியில அவங்க செத்துப் போயிடறாங்க, நான் எங்க அம்மா மவுத்துக்குக்கூட இப்படி அழுவலீங்க, என்று வஹீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செய்தித்தாளைப் பிரித்தார். எழுதியவர் பெயர் நான் கேள்விப்படாதது. புத்தகம் கை மாறி என்னிடம் வந்தது. பின்னட்டையில் படம் இல்லை. தாராபுரத்தில் பிறந்தவர், டப்ளினில் வசிக்கிறார். அவ்வளவுதான் போட்டிருந்தது. நான் அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. ரிஃபானா என் பெயரைக் கூப்பிட்டாள், எழுந்து நின்றேன். தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். இத்தனை பேர் அழுது அனுப்பி வைத்தவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது.

இதோடு முடிந்திருந்தால் உன்னிடம் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்தலை மட்டுந்தான் தெரிந்தது. அடுத்து அவர் எழுந்தார். கூட வந்த பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. உன் மாமன். என் அண்ணன் திருமூர்த்தி. உன்னைத் தன் மகன் மனோஜ்குமாருக்குக் கொடுக்கவில்லை என்று முறித்துக்கொண்டு போன அதே அண்ணன். உன் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட மாமனை நிறுத்தி நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனே, அந்த அண்ணன். மனோஜ்குமாருக்கு லோகப்பிரியா வந்து, பிள்ளையும் பிறந்து, அவன் உனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறான். அண்ணனுக்கு மட்டும் ஆறவில்லை. கையைப் பிடித்திருந்தது லோகப்பிரியாதான். அண்ணன் பேசினார். எனக்குப் படிக்கற பழக்கமெல்லாம் இல்லீங்க, கண்ணு ஆபரேசன் பண்ணிப் படுத்திருந்தப்ப என்ர மருமக படிச்சுக் காட்டுச்சுங்க, எனக்குத் தெரிஞ்ச புஸ்தகம் இது ஒண்ணுதானுங்க, முன்னால பேசுன அய்யாவோட புஸ்தகமேதான், என்றார். செய்தித்தாளைப் பிரிக்கக்கூட இல்லை, மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். எங்க பக்கம் ஒரு பொம்பளை செத்துப் போனாப் பொறந்த ஊட்டுக் கோடிச்சீலை வந்து போத்தாம எடுக்க மாட்டாங்க, இதுல அந்த அண்ணன்காரன் சீலை வாங்கிட்டுக் கெளம்பறான், பாதி வழியில ரோசம் வந்து திரும்பிப்போடறான், மறுக்காக் கெளம்பறான். வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. சீலையைக் கக்கத்துல இடுக்கிட்டு நடுவாசல்ல நிக்கறானுங்க. அந்தம்மா சாகறதுக்கு முன்னால கடைசியாப் பேசுனது, அண்ணன் வந்துட்டாரான்னுதான். அந்த எடத்தை மறுக்கா மறுக்காப் படிக்கச் சொன்னனுங்க, பாவம் இந்தப் புள்ளைக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. ஏன் புடிச்சதுன்னு சொல்லோணுமாமில்ல. அந்த அண்ணனுக்கு நேரம் போச்சுங்க. எனக்கு இன்னும் இருக்குதுங்க. அவ்வளவுதானுங்க. இப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கேயோ ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

டீ கொடுத்தார்கள். நான் படியிறங்கி ஓடிவிடலாம் என்று எழுந்தேன். லோகப்பிரியா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுதானுங்க அத்தை, மாமாவைக் கூட்டியாந்தேன், திட்டறதுன்னா என்னையத் திட்டிக்குங்க, என்றாள். ரிஃபானாவும் அவளும் சேர்ந்து செய்த வேலை. புத்தகம் உன்னுடையது என்று மனோஜ்குமார் வழியாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் வந்து என் முன்னால் நின்றார். இளைத்துவிட்டார். சட்டைக் கழுத்துப் பட்டி தொளதொளவென்று இருந்தது. நல்லா இருக்கறயா என்று கேட்கவில்லை. மயிலா, நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப நெசமாலுமே என்னையக் கேட்டயா, என்றார். அதைத்தான் கேட்டார். அவருக்கு அது கதையில்லை. நீ எழுதியது நடந்தது என்று நம்பிக்கொண்டு தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். போன வருஷம் ஐ.சி.யூ.வில் நான் கிடந்தது அவர் காதுக்குப் போயிருக்கிறது, வரவில்லை, அது அவரை உள்ளே அரித்திருக்கிறது. அம்மணி, நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். நான் என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியும். மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு, மோட்டாரை நிறுத்தினீங்களா, டேங்க் வழியுமே என்று கேட்டேன். நீ அழுகையோடு அழுகையாகச் சிரித்தாய். அண்ணன் பெயர் என் வாயில் வரவேயில்லை. மோட்டாரை எடுத்துவிட்டு அண்ணனை வைத்திருக்கிறாய். மோட்டார் என்று எழுதியிருந்தால் ஒருத்தரும் அழுதிருக்க மாட்டார்கள், அது எனக்கும் புரிகிறது. ஆனால் நான் அங்கே நிற்கிறேன், அவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கேட்டனுங்கண்ணா, என்று சொல்லிப்போட்டேன். என் குரல்தான் அது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, ஞாயித்துக்கெழமை சோத்துக்கு வாரேன், உன்ர வீட்டுக்காரருகிட்டச் சொல்லி வெய்யி, என்று மட்டும் சொன்னார். லோகப்பிரியா அவரைக் கூட்டிப் போனாள்.

வஹீதிடமிருந்து புத்தகத்தை இரவல் வாங்கி வந்து படித்தேன். சாகிற இடத்தைத் தாண்டிப் போய்க் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தேன், பிறகு திரும்பி வந்து செத்தேன். எனக்குப் பச்சைப்பட்டு கட்டிவிட்டிருக்கிறாய், பச்சை எனக்குப் பிடிக்காதென்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கோபம் என்று நினைத்துத்தான் படித்தேன். கோபமில்லை. அதிர்ச்சி இன்னும் போகவில்லை, அதுதான் உண்மை. சோறு வடிக்கும்போது கை நின்றுவிடுகிறது. நீ எழுதிய அம்மா என்னைவிட நல்லவள். பேசாமல் பொறுத்துக்கொள்கிறாள், பூட்டோடு பேசுகிறாள், அண்ணனைக் கேட்கிறாள். வஹீதும் மற்றவர்களும் நேசித்தது அவளை. நான் பொறுத்ததில்லை, மாமனை எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று உன் காதுக்குத் தெரியும். பூண்டு வாசத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை வீட்டுக்குள் பயந்து நடந்திருக்கிறதே என்று அந்தப் பக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். யார் யாரோ தெரிந்துகொண்ட பிறகு நான் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டிப் பார்த்தவர், உன்னைய முழுப் புஸ்தகத்துக்குச் சாகடிச்சிருக்கறா, என்னைய ரெண்டு வரியில முடிச்சுப்போட்டாளே, என்றார். பிறகு மாடிக்குப் போய் நெடுநேரம் இறங்கி வரவில்லை. அண்ணன் வருவதைச் சொன்னேன். வரட்டும், அதுக்கென்ன, என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நீ கேட்டேன்னு சொன்னதையே மெயின்டைன் பண்ணிக்க, மனுசன் சந்தோசமா வர்றாரு, எதுக்குக் கெடுக்கறே, என்றார்.

இந்த நான்கைந்து நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா சொல்வது போல விட்டுவிடலாம். அண்ணன் வருவார், சாப்பிடுவார், நீ எழுதிய தங்கச்சியோடு பேசிவிட்டுப் போவார். நான் பரிமாறிக்கொண்டு நிற்பேன். தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார், ஒவ்வொரு தடவையும் வருவது அவளைப் பார்க்க. என்னால் முடியாது அம்மணி. அதனால் சொல்லிவிடப் போகிறேன். இலை போடுவதற்கு முன்னாலேயே. ஆஸ்பத்திரியில் உங்களைக் கேட்கவில்லைங்கண்ணா, புத்தகத்தில் வருகிறவள்தான் கேட்டாள், என் மகள் எழுதிச் சேர்த்தது அது, எனக்கு உங்கள் மேல் அத்தனை வெறுப்பு இருந்தது என்று. அவர் எழுந்து போனால் போகட்டும். அந்த ரோசக்காரர் போகக்கூடியவர்தான், வாசற்படி தாண்டினால் மறுபடி இந்தப் பக்கம் வர மாட்டார், எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அவர் எழுந்திருப்பதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தடவை வாசல் கேட்டைப் போய்ப் பார்த்துவிட்டேனுங்கண்ணா என்று. அது மட்டும் பொய்யாகாது. இது வியாழன், நான் இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த ஞாயிறு போயிருக்கும். என்ன ஆயிற்று என்று போன் செய்து கேட்காதே, நானாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக இருக்க வேண்டும். வேலை முடிந்து இருட்டில் தனியாக நடக்காதே, தலைக்குத் துணி கட்டாமல் மழையில் போகாதே. எழுதுவதை விட்டுவிடாதே, அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்து நிறுத்திவிடாதே. ஆனால் ஒன்று. அடுத்த புத்தகத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பி வை, மாற்றச் சொல்ல மாட்டேன், ஊரார் சொல்லி நான் கேட்கக் கூடாது. அட்டையில் உன் பெயரைப் போடு. நாங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
மயிலாத்தாள்